கம்பியில்லாக் கம்பி

சென்ற ஆனி மாதத்தில் நம் வீட்டுக்கு ஒரு புதிய டெலிவிஷன் பெட்டி வந்து சேர்ந்தது. வந்தது என்பதைக் காட்டிலும் குடியேறியது என்று சொல்லுவதே பொருத்தம். கூடத்துச் சுவரில் முக்கால் பங்கை அது எடுத்துக்கொண்டு விட்டது. அந்த இடத்தில் இருபது வருஷமாக மாட்டியிருந்த நம் தகப்பனாரின் படம் இப்போது உள் அறைக்குப் போய்விட்டது. இந்தப் பெட்டிக்கு 'ஸ்மார்ட்' டெலிவிஷன் என்று பெயர். கெட்டிக்காரப் பெட்டி என்று அர்த்தம். அதன் கெட்டிக்காரத்தனம் வெளிப்படுவதற்கு முன்னால், நம்முடைய கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்பது வீட்டார் அனைவருக்கும் நன்றாக வெளிப்பட்டு விட்டது.

இதை நாம் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. நம் தாயாருக்கு வயது 84. இரண்டு கண்களிலும் புரை எடுத்தாயிற்று. அதற்கப்பாலும் பார்வையின் நடுவில் புகை படிந்தாற்போல் ஒரு மறைப்பு. விழித்திரையின் மையம் தேய்ந்து வருகிறது என்றும், இனி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்றும் வைத்தியர் கூறிவிட்டார். சிட்னி நகரத்தில் இருக்கும் நம் தமக்கை மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைபேசியில் எத்தனையோ படங்கள் வந்தன. தாயார் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "துணி தெரிகிறது, குழந்தை தெரியவில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெரிய உருவமாய்க் காட்டினால் ஓரப் பார்வையைக்கொண்டு ஒருவாறு பார்க்கலாம் என்று வைத்தியரே சொல்லியிருந்தார். பெயர் சூட்டும் வைபவம் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர் நேரப்படி காலை 11 மணிக்கு. நமக்கு அது 6.30 மணி. அங்கிருந்து அதை இணையத்தின் வழியாக அப்படியே அனுப்பப் போவதாய்க் கடிதம், அதாவது வாட்ஸ்அப் செய்தி, வந்தது.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. கடையிலிருந்து வந்த ஆள் சுவரில் இரண்டு துளை போட்டு, பெட்டியை மாட்டி, "வைஃபை நீங்களே போட்டுக்கொள்ளலாம் ஸார், ரொம்ப சுலபம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினான். உலகத்தில் சுலபம் என்று பிறர் சொல்லும் காரியங்களைப் பற்றி நமக்கு இருபது வருஷத்து உபாத்தியாயர் அனுபவம் உண்டு. பின்ன கணிதம் சுலபம் என்று நாமே எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்!

சனிக்கிழமை சாயங்காலம் வேலையில் இறங்கினோம். பெட்டியின் 'ஸெட்டிங்ஸ்' என்னும் பகுதிக்குள் போய், அங்கே 'நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சுற்றுவட்டாரத்து வைஃபைகளின் பெயர்களெல்லாம் ஜாபிதாவாய் வந்து நிற்கின்றன. எதிர்வீட்டுக்காரர் தம்முடையதற்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்திருக்கிறார். மாடிவீட்டு இளைஞர் 'கேட்காதே' என்று ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார். இத்தனை பேர் குரலும் நம் கூடத்துக்குள் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதை அன்றுதான் அறிந்தோம். நம் வீட்டுப் பெயர் கடைசியில், ஒரே ஒரு கோட்டு வலிமையுடன், சோகை பிடித்தாற்போல் நின்றது.

காரணம் இல்லாமலில்லை. நம் வீட்டில் கண்ணாடி இழை வந்து நுழையும் இடம் பின்கட்டு அறை. அந்த அறையிலே இரும்பு பீரோ. பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாக, ரௌட்டர் என்னும் பெட்டி. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று. அலை எப்படி வரும்?

இந்த அலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வைஃபையின் அலைகள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு விநாடிக்கு 240 கோடி தடவை துடிப்பது. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், நம் ஒரு சாணுக்கும் குறைவு. மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். அதன் நீளம் இதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவரை ஒருவாறு கடந்துபோகும். ஆனால் அந்தப் பாதையில் நெரிசல் அதிகம். அண்டை அயலார் வைஃபைகளும், புளூடூத் கருவிகளும், பலகாரம் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அந்தத் தெருவிலேயே நடமாடுகின்றன. குட்டை அலை வேகமாய்ச் சரக்குக் கொண்டுவரும். சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரும்புத் தகட்டைக் கண்டால் இரண்டுமே திரும்பி ஓடும். தண்ணீர் அலையைக் குடித்துவிடும். ஆகையால் ரௌட்டரை மீன் தொட்டிக்கும் தண்ணீர்க் குடங்களுக்கும் பக்கத்தில் வைப்பது நல்லதல்ல.

இந்த அலைகளைப் பற்றி எழுதும்போது ஆசார்ய ஜகதீச சந்திர வஸுவை நினையாமல் இருக்க நம்மால் முடியவில்லை. 1895-ஆம் வருஷம் கல்கத்தா டவுன் ஹாலில் கனவான்கள் கூடியிருந்த சபையில், அவர் தம் கையால் செய்த கருவியிலிருந்து அலைகளை எழுப்பினார். அவை தடைகளைக் கடந்து சென்று, தொலைவில் இருந்த மணியை அடித்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. நடுவில் கம்பி கிடையாது. மார்க்கோனியின் பெயர் உலகம் அறியாத சமயம் அது. அதிலும் வஸு கையாண்டவை நீண்ட அலைகள் அல்ல. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகச் சிறு அலைகள். 60 கிகாஹெர்ட்ஸ் வரையில் அவர் போயிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அதே 60 கிகாஹெர்ட்ஸில் வைஃபையின் ஒரு வகையை உலகத்தார் அமைத்திருக்கிறார்கள். கல்லூரியில் ஆய்வுக்கு வசதி இல்லை, தகரத் தொழிலாளியை வைத்துக்கொண்டு கருவி செய்தார், வெள்ளைக்கார ஆசிரியருக்குள்ள சம்பளம் தமக்குத் தரவில்லை என்று மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் வாங்கிப் பணம் பண்ணுவதில் அவருக்கு விருப்பமே இல்லை. சிநேகிதர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் ஒன்று பதிவாகி, 1904-இல் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் 'ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார்?' என்ற கேள்விக்கு ஒரே பெயரை எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டுவரும் நம்மைப் போன்றவர்கள் சற்று வெட்கப்படவேண்டிய விஷயந்தான்.

இன்னொன்று. ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் தபாலாபீஸுக்குப் போய் லைசென்ஸ் கட்டவேண்டும். ஆகாசத்தின் அலையெல்லாம் சர்க்கார் சொத்து. அனுமதியில்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் வருஷத்துச் சட்டம் வைத்திருந்தது. உப்பை எடுக்க வரி என்பதற்கும் காற்றைக் கேட்க வரி என்பதற்கும் அதிக தூரம் இல்லை. அமெரிக்காவில் 1985-இல் சில அலைவரிசைகளை லைசென்ஸ் இன்றி எவரும் உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அதிலிருந்துதான் வைஃபை பிறக்க வழி ஏற்பட்டது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையை 2005-இல் அப்படித் திறந்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018-இல். இன்று நம் ரௌட்டர் யாரிடமும் கைகட்டி நிற்காமல் அலை வீசுகிறதென்றால் அதற்கு இந்தத் தேதிகளே காரணம்.

சரி, கூடத்துக்குத் திரும்புவோம். அடுத்த தெருவில் நம் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். எட்டாம் வகுப்பில் கணக்கில் 17 மார்க் வாங்கியவன். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கூப்பிட்டனுப்பினோம். வந்தவன் முதலில் ரௌட்டரைப் பார்த்தான். "வாத்தியார் ஸார், இதை ஏன் சிறையில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டான். கண்ணாடி இழையை மெதுவாக இழுத்து, அதைக் கூர்மையாய் மடக்கினால் உள்ளே ஒளி போகாமல் போய்விடும் என்பதால் வளைவாகவே கொண்டுவந்து, ரௌட்டரை நடைவழியில் ஆள் உயரத்துக்கு மேல் உள்ள பலகையில் வைத்தான். ஒரு கோடாக இருந்த வலிமை மூன்று கோடாயிற்று. அலை அந்த மூலையிலேயே சரிவரச் சேராவிட்டால் ஒரு கம்பியை நேரே பெட்டியின் பின்புறம் செருகிவிடுவதே உத்தமம் என்றும் அவன் சொன்னான். கம்பிக்கு நிகர் கம்பிதான். ஆனால் நடைவழியில் கம்பி கிடந்தால் தாயாரின் கால் தடுக்கும். அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

பிறகு ரகசியச் சொல். இதற்கு வந்த சங்கடத்தைச் சொல்லி முடியாது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 12 எழுத்துக்கள். ரிமோட்டின் அம்புக்குறியை மேலும் கீழும் பக்கத்திலும் தள்ளி, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கவேண்டும். ஏற்றம் இறைப்பவன்கூட இத்தனை தடவை போய்வரமாட்டான். முதல் தடவை தவறு என்றது. இரண்டாம் தடவையும் அதே பதில். பூஜ்யத்தை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாக வாசித்திருக்கிறோம் என்று மூன்றாம் தடவையில்தான் நம் மனைவி கண்டுபிடித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு இது நேர்ந்தது. ரௌட்டரில் ஒரு பொத்தானை அழுத்தி, எழுத்து எதுவும் இல்லாமலே இணைத்துவிடும் ஏற்பாடும் சிலவற்றில் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வரும் எட்டு இலக்க எண்ணை வெளியார் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளியாகிவிட்டது. இணைத்த பிறகு அதை அணைத்து வைப்பதே நல்லது என்று மாணவன் உபதேசித்தான்.

'இணைந்தது' என்று எழுத்து வந்தது. எல்லோரும் சிரித்தோம். அடுத்த நிமிஷமே 'இணையம் இல்லை' என்று மற்றோர் எழுத்து வந்தது.

இதுதான் இரவு 9 மணிவரை எங்களை வாட்டிய விஷயம். கைபேசிகளெல்லாம் அதே வைஃபையில் ஒழுங்காய் வேலை செய்தன. ரௌட்டரை அணைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து ஏற்றினோம். டெலிவிஷனை அணைத்து ஏற்றினோம். பையன் அதற்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் பிரயோகித்துப் பார்த்தான். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. "காலையில் கடைக்காரனைக் கூப்பிடலாம்" என்றான். காலையில் கடை 10 மணிக்குத் திறக்கும். பெயர் சூட்டுவது 6.30-க்கு. தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போனால் போகிறது, அடுத்த குழந்தைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னாரா என்பது நமக்கு விளங்கவில்லை.

மறுபடியும் ஸெட்டிங்ஸைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மூலையில் தேதி கண்ணில் பட்டது. 2018, ஜனவரி 1 என்றிருந்தது. தொழிற்சாலையில் வைத்துவிட்ட தேதி. பெட்டி தானாக வலையிலிருந்து நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எப்படியோ அணைந்து கிடந்தது.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இதுதான். இணையத்தில் பெட்டி எந்த ஸ்தாபனத்தோடு பேசப் போனாலும், "நான்தான் இன்னார்" என்பதற்கு அந்த ஸ்தாபனம் ஒரு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டவேண்டும். அந்தப் பத்திரம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில்தான் செல்லும். நம் பெட்டியோ 2018-ஆம் வருஷத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அது இந்த வருஷத்துப் பத்திரத்தைப் பார்க்கிறது. வரப்போகும் தேதியைப் போட்டு ஒரு மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவந்தால் நம் பள்ளிக்கூடத்து ஹெட் கிளார்க் என்ன செய்வார்? போலி என்று திருப்பி அனுப்புவார். பெட்டியும் அதையே செய்தது. அதன் பேரில் குற்றமே இல்லை. அது ரொம்ப யோக்கியமாய் நடந்துகொண்டிருக்கிறது. தேதியைக் கையால் திருத்தினோம். ஐந்து விநாடியில் சித்திரங்கள் வரிசை வரிசையாய் வந்து நின்றன. 17 மார்க் பையன் கை தட்டினான்.

அப்போது மணி 9.10. படுக்கப் போயிருக்கலாம். ஆனால் பெட்டி நம்மிடம் ஒன்றன்பின் ஒன்றாக 'சம்மதம்' கேட்க ஆரம்பித்தது. பையன் அம்புக்குறியை அழுத்தி எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லப் போனான். "பொறு" என்றோம். கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் படிக்காமல் போடாதே என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு மாதிரி நடக்க முடியுமா? உட்கார்ந்து படித்தோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பையன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

முதல் இரண்டும் சாதாரணம். மூன்றாவதில் விஷயம் இருந்தது. நாம் என்னென்ன காட்சி பார்க்கிறோம் என்பதைப் பெட்டி தெரிந்துகொண்டு, தன்னை உண்டாக்கியவர்களுக்கும் அவர்களுடைய 'கூட்டாளி'களுக்கும் தெரிவிக்கச் சம்மதமா என்று, பூவில் நார் வைத்தாற்போல், மெதுவான பாஷையில் கேட்டிருந்தது. இது நடக்கும் விதம் விசித்திரமானது. திரையில் ஓடும் படத்திலிருந்து அடிக்கடி சில புள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கைரேகைபோல் ஒரு குறியாக்கி அனுப்புகிறது. அங்கே இருக்கும் பெரிய ஜாபிதாவோடு ஒத்துப்பார்த்து இன்ன படம், இன்ன நிமிஷம் என்று கண்டுகொள்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் படம் மட்டுமல்ல. வேறு கருவியைக் கம்பியால் செருகிப் பார்த்தாலும் இதற்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள் ஒற்றனை நாமே காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம்!

இது வெறும் பயமல்ல. அமெரிக்காவில் விஸியோ என்னும் கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் டெலிவிஷன்களிலிருந்து சொந்தக்காரர்களின் சம்மதமில்லாமல் இப்படித் தகவல் சேர்த்தது என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் வழக்குப் போட்டது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி அதைத் தீர்த்துக்கொண்டது. பெட்டிக்கு 20 சென்ட் வீதம் ஆகிறது. ஒரு குடும்பத்தின் கூடத்துக்கு அவ்வளவுதான் விலை!

நம் நாட்டில் அதே 2017-இல், ஆகஸ்ட் 24-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரு முகமாய், அந்தரங்கம் என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சம்மதம் என்பது சுதந்திரமாகவும், விவரம் தெரிந்தும், நிபந்தனையின்றியும் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. மற்றொரு ஷரத்து நமக்கு மிகவும் பிடித்தது: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாஸனத்தின் எட்டாவது அட்டவணையில் கண்ட 22 பாஷைகளில் ஒன்றிலோ படிக்க வசதி தரவேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. நம் பெட்டியோ படம் காட்டும் இடத்திலெல்லாம் அழகான தமிழ் பேசிவிட்டு, சம்மதம் கேட்கும் இடத்தில் மட்டும் இங்கிலீஷுக்குத் தாவிவிட்டது. வியாபாரத்துக்குத் தமிழ், கையெழுத்துக்கு இங்கிலீஷ் என்ற இந்தப் பழைய வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. மூன்றாவதற்குச் சம்மதமில்லை என்றோம். பெட்டி அதனால் கோபித்துக்கொள்ளவில்லை; எல்லாம் முன்போலவே ஓடியது. வாசகர்கள் தங்கள் பெட்டிகளிலும் 'பிரைவஸி' என்ற பகுதியில் தேடிப்பார்த்து அணைத்துவிடலாம். கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் மட்டும் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கே தாயார் நீராடி, நாற்காலியைத் திரைக்கு மூன்றடி தூரத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். 6.20-க்குக் கைபேசியில் வந்த சுட்டியைப் பெட்டிக்கு அனுப்பப் பார்த்தோம். கைபேசி, பெட்டியே கண்ணில் படவில்லை என்றது. நெஞ்சு படபடத்தது. பிறகுதான் தெரிந்தது, கைபேசி வைஃபையில் இல்லாமல் தன் சொந்த ஸிம்மின் வழியாக இணையத்தில் இருந்தது என்று. இரண்டும் ஒரே வலையில் இருந்தால்தான் ஒன்றையொன்று காணும். ஒரே தெருவில் வசித்தும் முகம் பாராத பங்காளிகளைப் போல் இருந்திருக்கின்றன. மாற்றினோம். 6.27-க்குச் சிட்னியின் கூடம் நம் கூடத்துக்கு வந்தது.

அந்த நகரத்தைப் பற்றி ஒரு செய்தி. வைஃபை அலை ஓர் அறைக்குள் சுவரிலும் பீரோவிலும் மோதி எதிரொலித்துப் பல தடவையாக வந்து சேரும். காலி மண்டபத்தில் பேசுகிறவன் குரல்போல் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முக்கியமான உபாயம் ஒன்றை, வான ரேடியோ அலைகளை ஆராய்ந்துவந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கம்பியில்லா வலைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். வேகமான ஒரே பேச்சை மெதுவான பல பேச்சுக்களாகப் பிரித்து, ஏககாலத்தில் பல அலைகளில் அனுப்புவது அது. 1996-இல் அமெரிக்க உரிமைப் பத்திரமும் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் வேலை செய்த ஊர் சிட்னிதான்.

குழந்தையைத் தொட்டிலில் இட்டார்கள். காமிராவை யாரோ அருகில் கொண்டுபோனார்கள். முகம் திரை முழுதும் நிறைந்தது. தாயார் தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து, ஓரக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்துப் படம் அப்படியே உறைந்து நின்றது. சமையலறையில் நம் மனைவி காப்பியைச் சுடவைக்க மைக்ரோவேவ் அடுப்பை முடுக்கியிருக்கிறாள். நாமோ பெட்டியை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்திருக்கிறோம். அடுப்பை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். ஆனால் தாயார், "இரு, இரு, அவசரப்படாதே. அசையாமல் நிற்கும்போதுதான் நன்றாய்த் தெரிகிறது" என்றார். எழுந்து, திரைக்கு அருகே போய், குழந்தையின் காதுமடலில் விரலை வைத்தார். "இது உன் அப்பாவின் காதுடா" என்றார்.

வைபவம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. தினந்தோறும் மாலை 6 மணிக்குத் தாயார் அதைப் போடச் சொல்லுகிறார். ஆகையால் நமக்கு மாலைச் செய்திகள் பார்க்கக் கிடைப்பதில்லை. தகப்பனாரின் படத்தையும் கூடத்துக்கே கொண்டுவந்து, டெலிவிஷனுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார், மாட்டியிருக்கிறோம்.